தறிவீட்டில் வைத்த ஊறுகாய்

போன வாரம் பெங்களூரிலிருந்து மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள். சித்திரையில் நான் போட்டுக் கொடுத்த மாங்காய் ஊறுகாய். சீசாவில் எண்ணெய் இறங்கிப்போய், அதற்கு மேலே தலைநீட்டிக்கொண்டிருந்த துண்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. படம் வந்த கையோடு அவளே கூப்பிட்டாள்.

“அம்மா, மேல இருக்கறத மட்டும் எடுத்துப் போட்டுட்டு மிச்சத்தச் சாப்பிடலாமா? கொட்ட மனசு வரல.”

“வேணாம். மொத்தமா கொட்டிடு. கண்ணுக்குத் தெரியறது மேல மட்டும்தான். உள்ள எதுவரைக்கும் எறங்கியிருக்குதோ தெரியாது. சீசாவைச் சுடுதண்ணியில கழுவி வெயில்ல காய வை.”

“எவளோ ஈரக் கரண்டியப் போட்டிருக்காம்மா. ரூம்ல மூணு பேர் இருக்கோம். இன்னிக்கு ஒக்கார வச்சு யாருன்னு கேக்கறேன் பாரு.”

“கேக்காத.”

“ஏம்மா?”

“ஊறுகா கெட்டா ஊறுகாயக் கொட்டு. ஆளக் கேக்காத.”

குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. “சரி சரி, டென்ஷன் ஆவாத” என்று வைத்துவிட்டாள். செவிலிமேட்டில் இந்த வீட்டில் இப்போது நான் மட்டும்தான். போனை வைத்த பிறகு, நான் எழுந்து போய் மின்விசிறியைப் போடும் வரை வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

என் வயதுப் பெண்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் ஊறுகாய் கெட்டால் எண்ணெய் போதுமா, உப்பு குறைந்ததா, ஜாடி நன்றாகக் காய்ந்திருந்ததா என்று யாரும் முதலில் பார்த்ததில்லை. யார் தொட்டது என்பதுதான் முதல் கேள்வி. வீட்டுக்குத் தூரமான பெண் ஜாடியைத் தொட்டால் ஊறுகாய் பூத்துவிடும் என்று நம் அம்மாக்கள் நம்பினார்கள். மாதம் மூன்று நாள் பின்கட்டில் ஒதுங்கி உட்கார்ந்து நாமும் நம்பினோம். அந்த நம்பிக்கை ஒரு கோடையில் எங்கள் வீட்டில் செய்த காரியத்தைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கூடப் பிறந்தவர்கள் இல்லை. அப்பா பட்டு நெய்தார். பெரிய கரை போட்ட புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உடலை நெய்ய, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவைத் தள்ள வேண்டும். அந்த இன்னொருவர் அம்மா. முகூர்த்த மாதங்களில் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை இருவரும் தறியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். தறி ஓடும்போது பேசினால் கேட்காது. அதனால் எங்கள் வீட்டில் பகலில் பேச்சு என்பதே கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, தட்டுப் போட்டு மூடியிருக்கும் சோற்றைத் தின்றுவிட்டுக் கூடத்தில் படுத்திருப்பேன். ஓட்டு இடுக்கு வழியாக விழும் வெயில் துண்டு சுவரில் நகரும். அது மூலைக்குப் போய்ச் சேர்ந்தால் சாயங்காலம்.

அந்த வருடம் மாசியில் அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. தாமலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு டிரங்குப் பெட்டியோடு தனியாக பஸ்ஸில் வந்து இறங்கி, திரும்பிப் போக மாட்டேன் என்றாள். அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து கூடத்தில் உட்கார்ந்தார்.

“குடிக்கிறானா?”

“இல்லண்ணா.”

“அடிக்கிறானா?”

“இல்லண்ணா.”

“வேற யாராச்சும்…”

“அதெல்லாம் இல்ல.”

“அப்புறம் இன்னாதான்மா அவன்கிட்ட குத்தம்?”

“பேச மாட்டாருண்ணா.”

அப்பா மேற்கொண்டு ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தார். அத்தை டிரங்குப் பெட்டியின் கொண்டியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

“கல்யாணத்து அன்னியில இருந்து எங்கிட்ட பேசறதில்ல. சோறு போட்டா தின்னுவாரு. பத்தலன்னா தட்டத் தட்டுவாரு. ஏரிக்கரை ஓரத்துல ஒத்த வீடு. மாமியாரும் போய்ச் சேந்துட்டாங்க. என் கொரலு எனக்கே மறந்துடும் போல இருக்குதுண்ணா.”

“பேசலன்னா அது ஒரு குத்தமாம்மா? பேசறவனக் கட்டிக்கினு உங்க அண்ணி படற பாட்டக் கேளு,” என்று அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அடி, குடி, இன்னொருத்தி. இந்த மூன்றுக்கு அப்பால் ஒரு வீட்டில் ஒரு பெண்ணுக்கு என்ன நேர முடியும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அத்தை அசையவில்லை. கடைசியில் அப்பா இறங்கி வந்தார். ஆனியில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் உட்கார வைத்துப் பேசலாம், அதுவரை இங்கேயே இரு என்றார். பேச்சு முடிந்து சீர்ப் பாத்திரங்களைத் திரும்ப வாங்கிவிட்டால் அத்தை எங்களோடே தங்கிவிடலாம். அந்த ஆனிக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

அடுக்களை அத்தை கைக்கு வந்தது. பேச்சும் வந்தது. அவள் எல்லாவற்றோடும் பேசினாள். மதில் மேல் வரும் காக்காயை, “எதிர் வீட்ல தின்னுட்டு இங்க இன்னாத்துக்கு வாயத் தொறக்கற?” என்று விசாரிப்பாள். தண்ணீர் வராத அடி பம்பை, “நீயும் உங்க மாமா கட்சியா?” என்பாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரத்துக்கு வாசற்படியில் வந்து நிற்பாள். “வா பாப்பா. ஒரு வருஷத்துப் பேச்சு பாக்கி கெடக்குது. காதக் கழுவிக்கினு வந்து உக்காரு.” ராத்திரி அவள் பாயில்தான் படுப்பேன். பேச்சு நடுவில் என்னை அறியாமல் தூங்கிவிடுவேன். வெயில் துண்டு சுவரில் எங்கே போகிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் அவளால் முடியவில்லை. தறிவீட்டுக்குள் கால் வைக்க மாட்டாள். பட்டும் கஞ்சியும் ஈர மண்ணும் சேர்ந்த அந்த வாடை அவளுக்குக் குமட்டியது. சில காலைகளில் பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். “பித்தம் பாப்பா. அம்மாகிட்ட சொல்லாத, கசாயம் குடின்னு உசுர எடுப்பாங்க.” நான் சொல்லவில்லை.

சித்திரையில் மாங்காய் வந்தது. ஒவ்வொரு வருடமும் ஊறுகாய் அம்மாதான் போடுவாள். அந்த வருடம் ஒரு கல்யாணத்துப் புடவை தறியில் இருந்தது. எழுந்திருக்க நேரமில்லை.

“நீயே போட்டுடும்மா. உனக்கு எதுவும் தூரம் கீரம் இல்லையே?”

“இல்ல அண்ணி. தள்ளிப் போயிருக்குது. வெயில் சூடு.”

பங்குனியில் அவள் மூன்று நாள் பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அம்மா அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு சரி என்றாள்.

அத்தை செய்த முறையைத்தான் நான் இன்றும் செய்கிறேன். அதில் குற்றம் காண முடியாது. காம்புப் பால் போக மாங்காயைக் கழுவி, ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து, ஈரம் சுண்டும்வரை நிழலில் பரப்பினாள். மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமான பெரிய பீங்கான் ஜாடியை வெந்நீரில் கழுவி, வெயிலில் வைத்துக் கை பொறுக்காத அளவு சூடேற்றினாள். கல்லுப்பை வறுத்தாள். கடுகையும் மிளகாயையும் காயவைத்து இடித்தாள். பிறகு அரிவாள்மணையில் உட்கார்ந்து, கொட்டையின் ஓடு ஒவ்வொரு துண்டிலும் ஒட்டியிருக்கும்படி வெட்டினாள். ஒரு மாங்காயின் ஓடு இரும்பாக இருந்தது.

“பாரு பாப்பா, இது உங்க மாமா. வெட்டினாலும் வாயத் தொறக்க மாட்டேங்குது.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்தத் துண்டை மட்டும் தனியே எடுத்து வைத்தாள்.

துண்டுகள் முழுகி மேலே நிற்கும்படி நல்லெண்ணெய் ஊற்றி, வேட்டித் துணியால் வாயை வேடு கட்டினாள். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. ஜாடியை வழக்கமான இடத்தில், அடுக்களைப் பரணில், ஏற்றப் போகும்போது அம்மா தறியில் இருந்தபடி குரல் கொடுத்தாள்.

“அங்க வேணாம்மா. நாளைக்கே நீ தூரமானா அடுக்களையில நிழல் படும். தறிவீட்ல கொண்டாந்து வை. இங்கதான் சுத்தம்.”

தூரமான பெண்கள் தறிவீட்டுக்குள் வரக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதைவிடக் காவலான இடம் வேறு இல்லை என்று அம்மா நினைத்தாள். குமட்டிக்கொண்டு வந்ததால் அத்தை வாசலோடு நின்றாள். அம்மாதான் ஜாடியை வாங்கிச் சுவர் ஓரப் பலகையில் வைத்தாள்.

தறிவீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோடைக் காற்றில் பட்டு இழை விறைத்து அறுந்துபோகும். அதற்காக அப்பா ஜன்னலில் நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிடுவார். தறிக்குழியில் தண்ணீர் தெளிப்பார். அந்த அறையில் நாள் முழுக்க மழைக்கால ஈரம் இருக்கும். சாக்குக்குப் பக்கத்துப் பலகையில்தான் ஜாடி. வேடு கட்டிய துணி ஈரத்தைக் குடித்தது. மாங்காய் எண்ணெயைக் குடித்துத் தலைநீட்டியது. இதை இப்போது என்னால் இரண்டு வரியில் எழுதிவிட முடிகிறது. அன்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. ஈரம் இழைக்கு நல்லது, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

வைகாசி பிறந்ததும் அம்மா வேடு பிரித்தாள். உள்ளே பஞ்சு வெடித்தது போல் இருந்தது.

அம்மா கத்தவில்லை. ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்து அத்தை முன்னால் வைத்தாள்.

“நீ இந்த மாசம் உக்காரவே இல்ல.”

அத்தை ஜாடியைப் பார்த்தாள்.

“மறச்சிட்டியா? தூரத்தோட ஜாடியத் தொட்டியாம்மா?”

நான் குறுக்கே போனேன். “இல்லம்மா. அத்த அந்த ரூமுக்கே போவல. அங்க போனா அதுக்கு…”

அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. அத்தை என் தொடையில் நகம் பதியக் கிள்ளினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

“ஆமா அண்ணி,” என்றாள் அத்தை. “நான்தான். எண்ணெ பத்துதான்னு தொறந்து பாத்தேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பொய் சொல்கிறாள் என்று மட்டும் தெரிந்தது. தனக்கு எதிராக ஒருவர் பொய் சொல்வார் என்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பாவாடையைத் தூக்கிச் சிவந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு அன்று முழுக்கத் தனியாக உட்கார்ந்திருந்தேன். ராத்திரி அத்தை அந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவினாள். “நீ சொன்னது நெசம்தான் பாப்பா. ஆனா நெசத்த யாரு கேட்டா?” என்றாள்.

அதன்பின் அத்தைக்கு அடுக்களை இல்லை. பின்கட்டிலேயே இருந்து பாத்திரம் தேய்த்தாள், துணி துவைத்தாள். தட்டும் தம்ளரும் தனி. அவள் அதற்கு முகம் சுளிக்கவே இல்லை. கருட சேவைக்கு எல்லோரும் போனபோதும் “நான் வீட்டைப் பாத்துக்கறேன்” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனிக்கு இன்னும் எவ்வளவு நாள் என்று மட்டும் என்னைக் காலண்டரில் பார்த்துச் சொல்லச் சொல்வாள். திட்டு வாங்கிய பெண் இவ்வளவு நிம்மதியாக இருக்கிறாளே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வருடம் முழுக்க ஊறுகாய் இல்லாமல் இருக்க முடியாது. கடைசி மாங்காய் சந்தையில் கிடைக்கும்போதே வாங்கி வந்து, கல்யாணப் புடவை தறியிலிருந்து இறங்கிய மறுநாள், அம்மா தானே இன்னொரு ஜாடி போட்டாள். தலைக்குக் குளித்து, யாரையும் கிட்டே விடாமல், என்னைக் கூடத் தள்ளி நிற்கச் சொல்லிப் போட்டாள். இந்த முறை வேட்டின் மேல் ஒரு தட்டையும் கவிழ்த்து, அதன் மேல் கல்லையும் வைத்தாள். ஜாடி அதே பலகையில் அமர்ந்தது.

வைகாசி முடிவதற்குள் அதுவும் பூத்தது.

அம்மா ஜாடியின் முன்னால் உட்கார்ந்தாள். வேட்டுத் துணியைப் பிழிந்து பார்த்தாள். பலகையைத் தடவிப் பார்த்தாள். கோணிச் சாக்கைத் தொட்டாள். பிறகு நேராகப் பின்கட்டுக்குப் போனாள். நான் கதவருகில் நின்றிருந்தேன். அத்தை துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தாள். என் அம்மா, நாத்தனார் எதிரில், ஈரத் தரையில் குந்தி உட்கார்ந்தாள்.

“நீ தொட்டு அது கெடலம்மா. நான் போட்டதும் பூத்துடுச்சி. தறிவீட்டு ஈரம்தான் ரெண்டையும் தின்னுட்டுது. நான் வாய்க்கு வந்தபடி சொல்லிட்டேன். இத்தன நாளா உன்ன வெளியில உக்கார வச்சிட்டேன். மனசுல வச்சிக்காத.”

“பரவால்ல அண்ணி. எந்திரிங்க. புடவ நனையுது.”

அம்மா எழுந்தாள். இரண்டு அடி வைத்தவள் நின்றுவிட்டாள்.

“நீ தொடவே இல்ல. அன்னிக்கே பொண்ணு சொல்லுச்சு. அப்புறம் ஏன் தொட்டேன்னு சொன்ன?”

அத்தை சோப்புத் தண்ணீரில் கையை விட்டாள். எடுக்கவில்லை.

“அப்ப போன மாசம் உனக்குத் தூரமே வரல,” என்றாள் அம்மா மெதுவாக. “பங்குனியில உக்காந்தியே?”

“சும்மா உக்காந்தேன் அண்ணி.”

“அடிப்பாவி. முழுகாம இருக்கியா?”

நான் அந்தச் சொல்லை முன்பே கேட்டிருந்தேன். பிள்ளை உண்டான பெண்களைப் பற்றி அப்படிச் சொல்வார்கள். அத்தை எழுந்து ஈரக் கையோடு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆனி வரைக்கும் சொல்லாதீங்க அண்ணி. பேச்சு முடியட்டும். தெரிஞ்சா பேச்சே இல்லன்னுடுவாங்க. அந்த வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உங்க கால்ல விழறேன்.”

அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். தலையைத் தடவிக் கொடுத்தாள். “பைத்தியக்காரி,” என்றாள். “ஒரு புள்ள வந்தா பேசாதவனும் பேசுவான். இத்தப் போய் மறைப்பாங்களா? நல்ல சேதிம்மா இது.”

அம்மா அதை மனதார நம்பினாள். சாயங்காலம் விளக்கு வைத்ததும் அப்பாவிடம் சொன்னாள். அப்பா தறியை விட்டு எழுந்து வந்து, “என் தங்கச்சி!” என்று கூடத்தில் நின்று கத்தினார். கடைக்குப் போய் அல்வா வாங்கி வந்தார். மூன்று வாரமாக வெளியே உட்கார்ந்திருந்தவளை நடுக்கூடத்தில் உட்காரவைத்து வாயில் ஊட்டினார்கள். அவள் தின்றாள். பெரியவர்களிடம் சொல்லி, பேச்சு வேண்டாம் என்று மறுநாளே நிறுத்திவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை நல்ல நாள் பார்த்து, பூவும் பழமும் வளையலுமாக அத்தையைத் தாமலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் ஏறும் முன் குனிந்து என் காதில், “இனிமே காக்காயெல்லாம் நிம்மதியா தின்னும் பாப்பா” என்றாள். அவள் எனக்காகச் சொன்ன கடைசி வேடிக்கை அது. வீட்டுக்குத் திரும்பி வந்து சோற்றைத் தின்றுவிட்டுக் கூடத்தில் படுத்தேன். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

முகூர்த்த மாதம் என்பதால் பிரசவத்துக்கு அழைத்து வர முடியவில்லை; ஐப்பசியில் தாமலிலேயே அத்தைக்குப் பெண் பிறந்தது. கார்த்திகையில் நானும் அம்மாவும் பார்க்கப் போனோம். ஏரி நிரம்பி, வீட்டின் பின்பக்கம் வரை தண்ணீர் வந்திருந்தது. வழியெல்லாம் நான் அத்தைக்குச் சொல்ல வேண்டியவற்றை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

வாசலில் நுழையும்போதே பேச்சுக் குரல் கேட்டது. ஆண் குரல். அம்மா முகம் மலர்ந்து என் தோளை அழுத்தினாள். “பாத்தியா, சொன்னேன் இல்ல?”

மாமா தூளிக்கு அருகில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். “அப்பா எங்க போனேன்? ஆத்துக்குப் போனேன். ஆத்துல இன்னா இருந்துச்சு? கொக்கு இருந்துச்சு. கொக்கு இன்னா சொல்லுச்சு?” என்று குழந்தையிடம் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். நல்ல குரல். கதை சொல்லத் தெரிந்த குரல். அத்தை உள்ளேயிருந்து பால் கிண்ணத்தோடு வந்தாள். மாமா பேச்சை நிறுத்தினார். எழுந்து, எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, வெளியே போய்விட்டார்.

அத்தை “வாங்க அண்ணி” என்றாள். என்னைப் பார்த்து, “வளந்துட்ட” என்றாள். சோறு போட்டாள். சாம்பார் வேண்டுமா என்று கேட்க, கரண்டியை உயர்த்திக் காட்டினாள். நான் காத்திருந்தேன். காக்காய் ஒன்று வந்து மதில் மேல் உட்கார்ந்து கத்தியது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். அடுக்கி வைத்திருந்தவை எல்லாம் எனக்கு மறந்துவிட்டன. குழந்தை அழுதபோது மட்டும் “உம் உம்” என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டமில்லை. அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஏரி முடியும் வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் எதுவும் கேட்காமலே சொன்னாள்.

“அன்னிக்குப் பின்கட்டுக்கு மன்னிப்புக் கேக்கத்தான்டி போனேன் நானு.”